நீல விளக்கை அணைத்துவிடுங்கள்: பரு விட்டுப்போன கறைக்கு ஒளி முகமூடி உதவுமா?

பெட்டியின் மேல் ஐந்து வாக்குறுதிகள் அச்சடித்திருந்தார்கள். நான்காவது, பருவால் வந்த கரும்புள்ளிகளை மறையச் செய்யும் என்றது. அந்த ஒரு வரிக்காகத்தான் 13,999 ரூபாய் கொடுத்து இந்த எல்.இ.டி. முகமூடியை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏறக்குறைய இதே அச்சில் வார்த்த முகமூடிகள் பல பெயர்களில் விற்கின்றன. நான் பார்த்ததில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு 36 வயது. கல்லூரிக் காலத்துப் பரு போய், முப்பதைத் தாண்டியபின் தாடையோரத்தில் புதிதாக வர ஆரம்பித்தது. பரு ஒரு வாரத்தில் அமுங்கிவிடும். அது விட்டுப்போகும் கறை ஆறு மாதம் நிற்கும். முகமூடி வந்த அன்று கண்ணாடி முன் நின்று எண்ணினேன்: வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஆறு. பள்ளம் விழுந்த தழும்பு கிடையாது, கன்னத்தில் படரும் மங்கும் கிடையாது. தட்டையான, புளியங்கொட்டை நிறக் கறைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் நலம் விசாரிக்கும் முன்பே "மொகத்துல என்னம்மா இது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பது பரு வந்தவர்களுக்குத் தெரியும்.

முகமூடி வளையக்கூடிய சிலிகானால் ஆனது. உள்பக்கம் சின்னச் சின்ன விளக்குகள். காதோரம் தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரே பொத்தான்: ஒருமுறை அழுத்தினால் சிவப்பு, இரண்டாவது முறை நீலம், மூன்றாவது முறை இரண்டும் கலந்து. பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுகிறது; ஒருமுறை ஏற்றினால் ஆறு இரவு தாங்குகிறது. இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பொருத்தத்தில் இருக்கிறது. நெற்றியிலும் மூக்கோரத்திலும் முகமூடி நன்றாகப் படிகிறது. தாடை எலும்பின் வளைவில் விரலிடை அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது; அதற்குக் கீழே விளக்கே இல்லை. முப்பது வயதுக்கு மேல் என்னைப் போன்ற பல பெண்களுக்குப் பரு வருவது அந்தத் தாடையோரத்திலும்தான். மதுரையில் ஏப்ரல் மாத இரவில், மின்விசிறி ஓடும்போதே, ஐந்தாவது நிமிடத்தில் மோவாய்க்கடியில் வியர்வை தேங்கியது. ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்தி வைக்காவிட்டால் அந்த அழுக்கே அடுத்த பருவுக்கு வழி செய்துவிடும்.

இன்னொன்று. பெட்டியில் விளக்குகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை. தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிவாட் ஒளி விழுகிறது என்பதுதான் கணக்கு. 30 மில்லிவாட் என்றால் பத்து நிமிடத்தில் 18 ஜூல் சேரும். 5 மில்லிவாட் என்றால் வெறும் 3. அந்த எண் பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. விற்றவர்களிடம் எழுதிக் கேட்டேன். "மருத்துவத் தரம்" என்று மட்டும் பதில் வந்தது.

முதல் நான்கு வாரம் கையேடு சொன்னபடி, வாரத்துக்கு ஐந்து இரவு கலப்பு ஒளி. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, வடக்குப் பார்த்த அதே ஜன்னல் பக்கம், கன்னத்தோரம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். தாளின் வெள்ளை எல்லாப் படத்திலும் ஒன்றுபோல் இருந்தால்தான் கறையின் நிறத்தை ஒப்பிட முடியும்.

பரு குறைந்தது உண்மை. மாதம் நாலைந்து வருவது இரண்டாக நின்றது. சுமார் 415 நானோமீட்டர் நீல ஒளி, பருக் கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின் என்ற பொருளைத் தூண்டி அந்தக் கிருமியைக் கொல்லும்; 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி வீக்கத்தைத் தணிக்கும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முறைதான் இது.

ஆனால் கறை? நான்காவது ஞாயிறு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்கா மகள் திரையில் விரல் வைத்துச் சொன்னாள்: "சித்தி, இந்த ரெண்டும் மொதல்ல இவ்ளோ கறுப்பா இல்லயே?" இல்லைதான். முதல் வாரம் டீ நிறத்தில் இருந்தவை இப்போது டிகாஷன் நிறத்தில் இருந்தன.

தோல் மருத்துவரிடம் போனேன். அவர் கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒவ்வொரு கறையின் மேலும் அழுத்திப் பார்த்தார். அழுத்தும்போது நிறம் மறைந்தால் அது விரிந்த ரத்தக்குழாயின் சிவப்பு. மறையாமல் நின்றால் நிறமி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கண்ணாடி டம்ளரின் அடியை வைத்து இதை வீட்டிலேயே பார்க்கலாம். என்னுடையவை எல்லாம் நிறமிதான். முகமூடியைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நீல லைட் போட்டீங்களா?"

பரு என்பது தோலுக்குள் நடக்கும் அழற்சி. அந்தச் சூட்டில் நிறமி செய்யும் செல்கள் அளவுக்கு மீறி மெலனினைச் சுரக்கின்றன. அது தோலின் மேலடுக்கோடு நின்றால் பழுப்பாகத் தெரியும், மாதக்கணக்கில் போய்விடும். கீழடுக்குக்கு இறங்கினால் சாம்பல் பூத்த நீலமாகத் தெரியும், வருடங்கள் எடுக்கும். நம் தோலில் இந்தச் செல்கள் சுறுசுறுப்பானவை. வெயிலிலிருந்து நம்மைக் காப்பதும் அவைதான், சின்னக் காயத்துக்கும் கறை வைப்பதும் அவைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியே அவற்றைத் தூண்டும் என்று 2010இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர ஆய்வு ஒன்று காட்டியது: அந்த ஒளி பட்டதும் பழுப்பு, கறுப்புத் தோல்கள் கறுத்தன, வெள்ளைத் தோல் கறுக்கவில்லை. 2014இல் பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் 415 நானோமீட்டர் ஒளி கறுக்க வைக்கிறது, 630 கறுக்க வைக்கவில்லை என்று பிரித்துக் காட்டினார்கள். நிறமிச் செல்லில் ஆப்சின்-3 என்ற புரதம் நீல ஒளியை உணர்ந்து அதைச் செய்கிறது என்பது 2018இல் வெளிவந்தது.

ஆய்வகத்தில் பாய்ச்சியது வலுவான ஒளி. வீட்டு முகமூடிக்கு அவ்வளவு வலு இல்லை. என் கறை கறுத்ததற்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பருவைக் கொல்லும் அதே 415, கறையைக் கறுக்க வைக்கும் 415 என்பதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? பழுப்புத் தோல்காரர்கள் வாழும் நாட்டில் விற்கும் பொருளில் அதை மறைப்பது பெரிய தவறு.

அடுத்த ஆறு வாரம் நீலத்தைத் தொடவில்லை. இடப்பக்கம் மட்டும் சிவப்பு ஒளி. வலப்பக்க விளக்குகளை உள்ளிருந்து கறுப்புத் துணியால் மூடிவிட்டேன். இரவில் மருத்துவர் எழுதிக் கொடுத்த அசெலாயிக் அமிலக் களிம்பு, காலையில் நிறம் கலந்த சன்ஸ்கிரீன், இரண்டும் இரண்டு பக்கமும்.

நிறம் கலந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண சன்ஸ்கிரீன் புறஊதாக் கதிரைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதைத் தடுப்பது அந்தப் பழுப்பு நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடுதான். கடைகளில் கிடைப்பவற்றில் நம் நிறத்துக்குப் பொருந்துவது குறைவு. நான் வாங்கிய முதல் இரண்டும் முகத்தில் ரோஸாகத் திட்டுத்திட்டாக நின்றன, மூன்றாவதுதான் ஒட்டியது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். அதில் பாதி பூசினால் பலன் வெகுவாகக் குறையும். வெளியே அலைபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஹெல்மெட் வார் உரசும் இடத்தில் அது முதலில் அழிகிறது. என் கறைகளில் நான்கு அந்த வார்க் கோட்டில்தான் இருந்தன. வாருக்கு ஒரு பருத்தித் துணி சுற்றினேன்.

பத்தாவது வாரம், அதே ஜன்னல், அதே வெள்ளைத்தாள். பதின்மூன்று கறைகளில் எட்டு தேடிப் பார்த்தால்தான் தெரிந்தன: வலத்தில் நான்கு, இடத்தில் நான்கு. சிவப்பு ஒளி பட்ட பக்கத்துக்கும் படாத பக்கத்துக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அக்கா மகளுக்கும் தெரியவில்லை. ஒரு முகத்தில் பார்த்ததுதான். ஆனாலும் பணம் போட்டவள் என்ற முறையில் எனக்கு அது போதும்.

கண் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நியூட்ரோஜினா 2019இல் தன் ஒளி முகமூடியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சில கண் நோய் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சம் ஏற்படுத்தும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் பாதிப்பு வரலாம் என்ற எச்சரிக்கையால். பருவுக்கு எழுதிக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் அப்படிப்பட்ட மருந்துதான். என் முகமூடியோடு வந்த கண் மூடிகள் தளர்வானவை, திரும்பினால் நழுவின.

முகமூடி வேண்டாம் என்று மருந்துக்கடையில் "கறைக்கு ஒரு க்ரீம்" கேட்டு வாங்குவது இதைவிட ஆபத்து. அப்படிக் கொடுக்கப்படும் பல களிம்புகளில் ஹைட்ரோகுவினோனோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முன்பைவிட அதிகமாகப் பரு கிளம்பும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து புதுக்கறை விழும். பருவைக் கிள்ளவே வேண்டாம். என் கறைகளில் கடைசிவரை அசையாத ஐந்தும் நான் நகத்தால் கிள்ளியவை.

என் தீர்ப்பு: பருக் கறைக்காக என்றால் இந்த முகமூடியை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உங்கள் தோல் என் தோலைப் போலப் பழுப்பாக இருந்தால், நீல விளக்கையும் கலப்பு ஒளியையும் தோல் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். அந்த 13,999 ரூபாயில் ஒருமுறை தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதும் களிம்பையும் நல்ல நிறம் கலந்த சன்ஸ்கிரீனையும் பல மாதங்களுக்கு வாங்கிவிடலாம்.