அப்ரைசல் ஃபீஸுக்கு மூணு மடங்கு, வீட்டுக்கு ஒண்ணுமில்லை

அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி பத்திப் பேச ஆரம்பிச்சா சப்பிரைம், வால் ஸ்ட்ரீட், லேமன் பிரதர்ஸ்னு போயிடுவோம். அதுக்கெல்லாம் முன்னாடி வர்ற ஒரு காகிதத்தை யாரும் கவனிக்கிறதில்லை. வீட்டுக்கு என்ன விலை போகும்னு மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுக்கிற அப்ரைசல் அறிக்கைதான் அது. அந்த எண் வீங்கினா கடனும் வீங்கும்.

வீங்கினது தற்செயல் இல்லை. 2000-க்கும் 2007-க்கும் நடுவில் சுமார் 11,000 மதிப்பீட்டாளர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டு வாஷிங்டனுக்குக் கொடுத்தாங்க. கடன் கொடுக்கிறவங்க கேட்கிற எண்ணைப் போடலைன்னா அடுத்த வேலை வராதுங்கிறதுதான் அதோட சாரம். நெருக்கடியை விசாரிச்ச அரசு ஆணையத்தின் அறிக்கையிலேயே இது பதிவாகியிருக்கு.

அப்படின்னா ஏமாந்த வீட்டுக்காரர் கடன் கொடுத்த நிறுவனத்து மேல கேஸ் போடலாமா? போடலாம். ஆனா எதைக் கேட்டுப் போடுறது என்பதில்தான் சிக்கல்.

முதல் தடை ஒரு பழைய கலிபோர்னியா தீர்ப்பு. 1991-ல் நைமார்க் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: வங்கி அப்ரைசல் செய்யறது தன் பணத்தைக் காப்பாத்திக்க, அதனால் கடன் வாங்குறவருக்கு அந்த மதிப்பீட்டில் கவனமா இருக்க வேண்டிய கடமை வங்கிக்குக் கிடையாது. ஃபீஸ் கட்டுறது யாரு? பெரும்பாலும் கடன் வாங்குறவர்தான். நீ காசு கொடு, ஆனா அந்த அறிக்கையை நம்பினேன்னு சொல்லாதே என்கிற ஏற்பாடு இது. நேர்மையா நடக்கிற வங்கி விஷயத்தில் இந்தத் தர்க்கம் ஓரளவு சரி. குறைஞ்ச மதிப்புள்ள வீட்டுக்கு அதிகக் கடன் கொடுத்தா நஷ்டம் வங்கிக்கும்தானே. ஆனா கடனை அடுத்த மாசமே வேற ஒருத்தருக்கு வித்துடற நிறுவனத்துக்கு அந்தப் பயம் ஏது? 1991-ன் தர்க்கம் 2006-ன் வியாபாரத்துக்குப் பொருந்தலை.

அடுத்த வழி ரெஸ்பா என்கிற கூட்டாட்சிச் சட்டம். வாஷிங்டன் மியூச்சுவல் வங்கிக்கு மதிப்பீடு செஞ்சு கொடுத்த இஅப்ரைசஐடி நிறுவனம், வங்கியின் அழுத்தத்துக்கு வளைஞ்சு கொடுத்ததுன்னு நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ 2007 நவம்பரில் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் வீட்டுக்காரர்களும் கலிபோர்னியாவில் கிளாஸ் ஆக்‌ஷன் தொடுத்தாங்க. அதே 2008 செப்டம்பரில் வங்கியே திவாலாயிடுச்சு. பல வருஷம் இழுத்து, கடைசியில் மதிப்பீட்டு நிறுவனத்தோடு சமரசத்தில் முடிஞ்சது.

இங்கேதான் என் முக்கியமான ஆட்சேபம். இந்தச் சட்டப் பிரிவின்படி கிடைக்கக்கூடிய இழப்பீடு, அந்தச் சேவைக்குக் கட்டின கட்டணத்தின் மூணு மடங்கு. வழக்குப் போட ஒரே ஒரு வருஷம்தான் அவகாசம். ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம்: 2 லட்சம் டாலர் பெறுமான வீட்டை 2.6 லட்சம்னு எழுதி, 2.4 லட்சம் கடன் கொடுத்தாச்சு. முதல் நாளே வீட்டுக்காரர் 40,000 டாலர் பள்ளத்தில். விற்கவும் முடியாது, ரீஃபைனான்ஸும் கிடைக்காது. அப்ரைசல் ஃபீஸ் 400 டாலர்னா சட்டம் தர்றது 1,200. இதை நிவாரணம்னு சொல்ல மனசு வரலை.

கன்ட்ரிவைடு வழக்கும் இதே தடத்தில்தான் போச்சு. அதன் கிளை நிறுவனமான லேண்ட்சேஃப் செஞ்ச மதிப்பீடுகள் நடுநிலையானவை இல்லைன்னு ரிக்கோ சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கில் 25 கோடி டாலர் சமரசம். கேட்கப் பெரிய தொகை. ஆனா அங்கேயும் வாதம், பிரயோஜனமில்லாத அறிக்கைக்குக் காசு கட்டினோம் என்பதுதான். வீடு கணக்கிலேயே வரலை.

வீட்டையே கணக்கில் எடுத்த மாநிலம் மேற்கு வர்ஜீனியா. வீட்டின் சந்தை மதிப்புக்கு மேல கடன் கொடுக்கக் கூடாதுன்னு அங்கே சட்டமே இருக்கு. 2006-ல் ஒரு பெண்ணின் வீடு 1,81,700 டாலர்னு மதிப்பிடப்பட்டு, குவிக்கன் லோன்ஸ் 1,44,800 டாலர் கடன் கொடுத்தது. விசாரணை நீதிமன்றம் கண்ட உண்மை மதிப்பு 46,000. கடைசியில் மொத்தமா ஒரு லட்சத்துக்கு மேல கட்டணும்கிற நிபந்தனையை மறைச்சது மோசடின்னு 2012-ல் மாநில உச்ச நீதிமன்றமும் ஏத்துக்கிச்சு. ஆனா அசலையே ரத்து செஞ்சது தப்புன்னும் சொல்லிடுச்சு.

அதே நிறுவனத்து மேல இன்னொரு வழக்கு. வீட்டுக்காரர் தன் வீட்டுக்குச் சொன்ன உத்தேச விலையை மதிப்பீட்டாளருக்கு முன்கூட்டியே அனுப்பிட்டாங்க என்பது புகார். 2,769 கடன்களுக்குத் தலா 3,500 டாலர்னு கீழ் நீதிமன்றம் விதிச்சது. 2025-ல் நாலாவது சர்க்யூட் அதைத் தள்ளிடுச்சு. அந்த எண் மதிப்பீட்டை உண்மையிலேயே மாத்தினதா நிரூபிக்கலை, அதனால் பாதிப்பு இல்லைன்னு காரணம்.

நீதிமன்றத்தின் கவலை எனக்குப் புரியுது. எல்லா மதிப்பீடும் வளைஞ்சிருக்கும்னு ஊகிக்க முடியாதுதான். சந்தை விழுந்ததுக்கெல்லாம் கடன் கொடுத்தவரைப் பிடிக்கவும் கூடாது. ஆனா கடன் கொடுத்த தேதியில் வீட்டின் மதிப்பு என்னன்னு பின்னாடி திரும்பிப் பார்த்து மதிப்பிடற முறை தொழிலிலேயே இருக்கு. அந்த எண்ணுக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை இழப்பீடா வைக்கலாம். அப்போ சந்தைச் சரிவும் தனியாப் பிரிஞ்சுடும், நிரூபணமும் கிடைக்கும்.

2010-ன் டாட்-ஃபிராங்க் சட்டம் மதிப்பீட்டாளரை நெருக்குறதைத் தடை செஞ்சு, மீறினா முதல் முறைக்கு நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம்னு அப்போ வச்சது. 2014-லிருந்து, சாதாரணமா கடன் முடியறதுக்கு 3 வேலை நாள் முன்னாடியே அறிக்கையின் நகலைக் கொடுத்தாகணும். அங்கே வீடு வாங்குறவங்களுக்கு என் யோசனை ஒண்ணுதான்: அந்த நகலை ஓரமா வைக்காதீங்க. ஒப்பீட்டுக்கு எடுத்த வீடுகள் உண்மையிலேயே உங்க வீடு மாதிரிதானான்னு பாருங்க. சந்தேகம்னா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மறுபரிசீலனை கேளுங்க, இல்லைன்னா சொந்தச் செலவில் இன்னொரு மதிப்பீடு எடுங்க. கையெழுத்துக்கு அப்புறம்னா மாநில மதிப்பீட்டாளர் வாரியத்துல புகார் கொடுக்கலாம், மோசடி வழக்கும் போடலாம். ஆனா அந்தச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கெடுவும் சீக்கிரம் ஓடிடும். முதல் வருஷத்துக்குள்ளேயே வக்கீலைப் பார்த்துடுங்க.