நட்பின் முன்னிலையும் காதலின் முன்னிலையும்: ஓர் அமெரிக்கக் காதல் நாவலும் தமிழாக்கச் சிக்கலும்

வெகுமக்கள் வாசிப்புக்கென ஆங்கிலத்தில் எழுதப்படும் காதல் நாவல்களை மொழியியலாரும் மொழிபெயர்ப்பியலாரும் ஆய்வுப் பொருளாகக் கொள்வது அரிது. அவை இலக்கியத் தகுதி குன்றியவை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். அவற்றின் நடை எளியது, ஆகவே மொழிபெயர்ப்பில் சிக்கல் எழாது என்ற எண்ணம் மற்றொரு காரணம். இவற்றுள் இரண்டாவது எண்ணம் பொருந்தாது என்பதை ஒரு நாவலைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட நாவல் 2018-இல் வெளிவந்த 'மை ஃபேவரிட் ஹாஃப்-நைட் ஸ்டாண்ட்'. கிறிஸ்டினா ஹாப்ஸ், லாரன் பில்லிங்ஸ் ஆகிய இருவர் இணைந்து கிறிஸ்டினா லாரன் என்னும் ஒரே புனைபெயரில் எழுதிய நாவல் இது. நெருங்கிய நண்பர்களும் ஒரே பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவர்களுமான ஓர் ஆணும் பெண்ணும் காதலராவதே கதை. இதனைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் முதல் உரையாடலிலேயே ஒரு தடையைச் சந்திப்பர். அத்தடை சொல்வளம் பற்றியதன்று. ஒருவரை ஒருவர் விளிக்கும் முன்னிலை வடிவம் பற்றியது.

1. கதையின் முடிச்சு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பேராசிரியராக இருப்பவள் மில்லி மோரிஸ். தொடர்கொலைகள் புரிந்த பெண்களைப் பற்றிய ஆய்வில் வல்லவள். அவளுடைய நெருங்கிய நண்பர்கள் நால்வரும் ஆண்கள். உடன் பணிபுரியும் பேராசிரியர்கள். பல்கலைக்கழக விழா ஒன்று இம்முறை ஆடம்பர விருந்தாக நடைபெறும் என்று தெரியவர, துணையின்றி இருக்கும் ஐவரும் இணையவழித் துணைதேடும் சேவை ஒன்றில் சேர்வதென உடன்படுகின்றனர். இந்த உடன்பாட்டிற்குப் பின்னர் மில்லியும் நால்வருள் ஒருவனான ரீட் கேம்பலும் பிறர் அறியாமல் ஓர் இரவின் பாதியை ஒன்றாகக் கழிக்கின்றனர். நட்பே போதும் என்றும் முடிவுசெய்துகொள்கின்றனர். துணைதேடும் சேவையிலோ ஆண்களுக்கு வாய்ப்புகள் குவிகின்றன. மில்லிக்கு வந்து சேர்வன ஆபாசமும் தொல்லையுமே. எனவே அவள் 'கேத்தரின்' என்னும் கற்பனைப் பெயரில் வேறொரு பக்கத்தைத் தொடங்குகிறாள். அப்பெயருக்குப் பின்னால் இருப்பவள் யார் என அறியாமலே ரீட் அவளுடன் மடல் பரிமாறத் தொடங்குகிறான்.

மில்லி தன்னைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நகைச்சுவையால் அதைத் திசைதிருப்பும் இயல்பினள். கேத்தரின் என்ற திரையின் பின்னால் நின்றபோதுதான் அவளால் மனம் திறக்க முடிகிறது. மில்லியும் ரீடும் மாறிமாறித் தன்மையிடத்தில் கதை சொல்வதால், ரீட் அறியாததை வாசகர் அறிவர்.

இம்முடிச்சு புதியதன்று. அங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோ 1937-இல் எழுதிய நாடகமும், அதனை அடியொற்றி எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940-இல் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' என்னும் திரைப்படமும், அதன் வழிவந்த 1998-ஆம் ஆண்டின் 'யூ ஹேவ் காட் மெயில்' என்னும் படமும் இதே முடிச்சைக் கொண்டவை. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. லூபிட்ச்சின் படத்தில் ஒரே கடையில் வேலைபார்க்கும் இருவர் நேரில் பூசலிடுவர். பெயரறியா மடல்களில் அன்பு கொள்வர். அங்குள்ள முரண் பகைக்கும் காதலுக்கும் இடையிலானது. பேச்சின் சூட்டிலேயே எந்த மொழியிலும் அது புலப்பட்டுவிடும். கிறிஸ்டினா லாரனின் நாவலில் உள்ள முரண் நட்புக்கும் காதலுக்கும் இடையிலானது. இரண்டும் நெருக்கமே. இரண்டு நெருக்கங்களை எவ்வாறு வேறுபடுத்திக் காட்டுவது என்பதே மொழிபெயர்ப்பாளர்முன் உள்ள வினா.

2. கட்டாயத் தெரிவு

மொழிகள் தம்முள் வேறுபடுவது அவற்றில் எதைச் சொல்ல முடியும் என்பதைவிட, எதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதிலேயே என்னும் கருத்தை ரோமன் யாக்கப்சன் 1959-இல் மொழிபெயர்ப்பைப் பற்றிய தம் கட்டுரையில் முன்வைத்தார். நம் சிக்கலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆங்கிலத்தின் 'யூ' ஒருவரையும் பலரையும், மூத்தோரையும் இளையோரையும், அறிந்தவரையும் அறியாதவரையும் ஒரே வடிவால் குறிக்கும். தமிழில் 'நீ', 'நீங்கள்' என்னும் பிரிவு உண்டு. பெயரை விடுத்தாலும் வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டிவிடும்: 'சாப்பிட்டாயா', 'சாப்பிட்டீர்களா'. பேச்சில் இவற்றுக்கு அப்பால் 'டா', 'டி' சேர்ந்த மற்றொரு படியும் உண்டு. ஒருவரைப் பன்மையால் கூறுவது இலக்கண நெறிப்பட்டதன்று, வழக்கில் வந்த உயர்சொல் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கருத்து. அதாவது, இங்குத் தெரிவை முடிவுசெய்வது எண்ணிக்கை அன்று, உறவு.

ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்த ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அடிப்படைகளைக் கொண்டு அவற்றை விளக்கினர். அதிகாரம் சமனற்ற வடிவங்களைத் தோற்றுவிக்கும். ஒருமைப்பாடு இருவரும் ஒரே வடிவைப் பயன்படுத்தச் செய்யும். தமிழில் இவ்விரண்டும் இன்றும் ஒருங்கே செயற்படுகின்றன.

மில்லியும் ரீடும் ஒத்த நிலையினர். தமிழ்நாட்டுக் கல்லூரிச் சூழலில் உடன் பணிபுரியும் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றே விளிப்பர். இவ்வழக்கைப் பின்பற்றினால் பணியுறவு நிற்கும், நட்பு மறைந்துவிடும். ஆகவே இருவரும் 'நீ' என்றே பேச வேண்டும். கேலி மிகும் இடங்களில் 'டா'வும் 'டி'யும் கூடப் பொருந்தும். இதுவரை ஐயத்திற்கு இடமில்லை.

3. இரு முன்னிலைகள், ஒருத்தி

ரீட் கேத்தரினுக்கு எழுதும்போது நிலைமை மாறுகிறது. அவள் அவனுக்கு அறிமுகமில்லாத பெண். தமிழில் எழுதும் ஒருவன் அத்தகையவளை 'நீங்கள்' என்றே விளிப்பான். எனவே, ஒரே பெண் நேரில் 'நீ'யாகவும் மடலில் 'நீங்க'ளாகவும் இருப்பாள். ஆங்கில வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இருமையைத் தமிழ் வாசகர் ஒவ்வொரு வினைமுற்றிலும் காண்பர்.

இது மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகாதா என்னும் வினா எழலாம். ஆகாது என்பதே என் கருத்து. நேருரையாடலின் துண்டுதுண்டான கேலிக்கும் மடல்களின் மனந்திறந்த பேச்சுக்கும் இடையே மூலத்திலேயே வேறுபாடு உண்டு. தமிழ் அவ்வேறுபாட்டிற்கு இலக்கண வடிவம் ஒன்றைத் தருகிறது. அதன் பயனாக நாவலின் மையக் கருத்தும் தெளிவுபெறுகிறது. மில்லிக்கு 'நீ' என்பது ஒரு மறைப்பு. அந்த உரிமையின் நிழலில் அவள் எதையும் சொல்லாமல் தப்பிவிட முடியும். 'நீங்கள்' ஏற்படுத்தும் தொலைவிலோ அவள் பேசுகிறாள். ஒருமைப்பாட்டைக் காட்டும் வடிவம் நெருக்கத்தைத் தடுக்கிறது. தொலைவைக் காட்டும் வடிவம் அதற்கு வழிதிறக்கிறது. பிரவுன்–கில்மன் விளக்கத்தை அப்படியே ஏற்போர் எதிர்பார்ப்பதற்கு இது நேர்மாறானது.

அகப்பொருள் மரபில் தலைவி தானே சொல்லவியலாததைத் தோழி எடுத்துரைப்பாள். கேத்தரினை மில்லி தனக்கெனப் படைத்துக்கொண்ட தோழி எனலாம். ஆனால் அகமரபின் தோழி மறைவை வெளிப்படுத்தி அறத்தொடு நிற்பவள். கேத்தரினோ மறைப்பதற்கென்றே தோன்றியவள். பின்னர் நேரும் பிளவுக்கு இம்மறைப்பே காரணமாகிறது.

ரீட் எப்போது கேத்தரினை 'நீ' என விளிக்கத் தொடங்க வேண்டும்? மூலத்தில் இதற்குக் குறிப்பில்லை, இருக்கவும் முடியாது. மடலில் நெருக்கம் வளரவளர 'நீ'க்கு மாற்றுவதே இயல்பு எனச் சிலர் கருதலாம். அவ்வாறு மாற்றினால், 'நீ என்று அழைக்கலாமா' என இசைவு கேட்கும் கட்டம், தமிழ்க் காதல் கதைகளில் நாம் நன்கறிந்த ஒன்று, மூலத்தில் இல்லாமலே உள்ளே நுழைந்துவிடும். இரு தடங்களின் வேறுபாடும் மங்கிப்போகும். எனவே உண்மை வெளிப்படும்வரை மடல்களில் 'நீங்கள்' நீடிப்பதே தக்கது.

உண்மை வெளிப்படும்போது, ஏமாற்றப்பட்டதாக உணரும் ரீட் மில்லியை ஒரே ஒருமுறை 'நீங்கள்' என்று விளிக்கலாம். நெருங்கியோர் சினத்தில் மரியாதை வடிவைக் கையாள்வது தமிழ் வழக்கில் உள்ளதே. தான் மடல் எழுதிய அந்நியப் பெண்ணின் முன்னிலையைத் தன் தோழிக்கு அவன் சூட்டும்போது, 'உன்னை நான் அறியேன்' என்ற பொருள் தானே விளங்கும். ஒருமுறைக்கு மேல் கையாண்டால் அது நாடகத்தன்மையாகிவிடும்.

4. தவிர்ப்பும் உளப்பாடும்

இடைப்பட்ட கட்டம் ஒன்று உண்டு. பாதி இரவுக்குப் பின் நட்புக்கே திரும்புவதென முடிவுசெய்த இருவருக்கும் பழைய பேச்சு முன்போல் எளிதாக வருவதில்லை. இங்குத் தமிழ்ப் பேச்சு வழக்கு நல்ல கருவியொன்றைத் தருகிறது. எந்த வடிவில் விளிப்பதென்று தயங்கும்போது நாம் முன்னிலையையே தவிர்க்கிறோம்: 'சாப்பிட்டாச்சா?', 'கிளம்பியாச்சா?', 'போகலாமா?'. வினைமுற்றில் இட விகுதி இல்லாத இவ்வடிவங்கள் மரியாதையையும் காட்டா, உரிமையையும் காட்டா. அவ்விரவுக்குப் பின்வரும் சில உரையாடல்களில் மட்டும் இவற்றைக் கையாண்டால், நண்பர்களிடையே புகுந்த தயக்கத்தை விளக்கவுரை ஏதுமின்றி உணர்த்தலாம்.

தன்மைப் பன்மையும் கவனத்திற்குரியது. ஆங்கிலத்தின் 'வீ' தமிழில் 'நாம்', 'நாங்கள்' எனப் பிரியும். ஐவர் கூடியிருக்கும்போது மில்லி 'நாம்' என்றால் கேட்போர் அனைவரும் அதில் அடங்குவர். 'நாங்கள்' என்றால் கேட்போர் விலக்கப்படுவர். தனக்கும் ரீடுக்கும் உள்ள உறவை மறைத்திருக்கும் அவள் நண்பர்களிடம் 'நாங்கள்' என்று சொல்லிவிட்டால் மறைவு வெளியாகிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு 'வீ'யையும் தனித்தனியே ஆராய்ந்தே பெயர்க்க வேண்டும்.

இரட்டை வழக்கும் இதனோடு தொடர்புடையது. சார்லஸ் பெர்குசன் 1959-இல் வரையறுத்த இந்நிலை தமிழில் வலுவாக உண்டு. நண்பர்களின் குழு உரையாடல் எழுத்தில் நிகழ்ந்தாலும் பேச்சுத் தமிழிலேயே அமைய வேண்டும். கேத்தரினின் மடல்கள் எழுத்துத் தமிழுக்கு நெருங்கி, முழுமையான வாக்கியங்களால் அமையலாம். மில்லியின் இரு குரல்களுக்கும் இதனால் தனித்தனி உருவம் கிடைக்கும்.

5. காதலுக்குப் பின் எந்த முன்னிலை?

மிகப் பெரிய தவறு நேரக்கூடிய இடம் நாவலின் முடிவு. தமிழ்த் தொடர்கதைகளிலும் திரைப்படங்களிலும் நாயகி காதல் கைகூடியபின், சிறப்பாகத் திருமணத்திற்குப் பின், நாயகனை 'நீங்கள்' என விளிப்பதும் நாயகன் அவளை 'நீ' என விளிப்பதும் நெடுநாள் மரபு. அதுவரை 'வாடா, போடா' என்றவள்கூட 'வாங்க, போங்க' எனப் பேசத் தொடங்குவாள். மொழிபெயர்ப்பாளர் எண்ணிப்பாராமலே இம்மரபிற்கு இசைந்துவிடக்கூடும். தன்மையிடக் கூற்றில் ரீட் 'அவள்' என்று எழுத, மில்லி 'அவர்' என்று எழுதுவதும் இதனோடு ஒத்ததே.

இந்நாவலில் அவ்வாறு செய்வது கதையையே மாற்றுவதாகும். இருவரும் ஒத்த நிலையினர் என்பதே இக்கதையின் அடிப்படை. நட்பிலிருந்த சமன்மையைக் காதல் பறித்துக்கொள்ளுமானால், மில்லியின் தொடக்க அச்சம், அதாவது நெருக்கம் என்பது இழப்பு என்னும் அச்சம், சரியென்றாகிவிடும். நாவல் சொல்வதோ அதற்கு எதிரானது. ஆதலின் இறுதிவரை இருவழியிலும் 'நீ'யும், கூற்றில் 'அவன்', 'அவள்' என்பனவும் நிற்க வேண்டும்.

அப்படியானால் காதலை எது காட்டும்? மில்லியின் பேச்சில் கேலிக்குத் துணைநின்ற 'டா' குறையட்டும். கேத்தரினின் மடல்களில் இருந்த முழு வாக்கியங்கள் 'நீ' என்னும் முன்னிலையோடு அவள் வாயில் வரட்டும். எழுத்தில் மட்டும் சொல்லக்கூடியதாக இருந்ததை நேரில் சொல்லத் துணிவதே அவள் அடையும் மாற்றம்.

6. மதிப்பீடு

நாவலுக்குக் குறைகள் உண்டு. பணியிடம் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கிறது. ஒரே நிறுவனத்தில் பணிபுரியும் இருவரின் உறவு பணிவாழ்வில் எழுப்பும் வினாக்கள் ஆழமாகத் தொடப்படவில்லை. ஒருவனை அறியாமையில் வைத்து மடல் எழுதியதன் அறச்சிக்கல், அதற்குரிய கனத்தைப் பெறுமுன்னரே இணக்கத்தில் முடிகிறது. தலைப்பின் சொல்விளையாட்டு தமிழில் முழுமையாக வாராது. 'எனக்குப் பிடித்த பாதி இரவு' என்பதோடு நிறைவடைய வேண்டியிருக்கும்.

ஆயினும், ஒருவரோடு பழகும் உரிமை வேறு, அவரிடம் மனம் திறப்பது வேறு என்பதை இந்நாவல் தெளிவாக அறிந்திருக்கிறது. ஆங்கிலம் தன் ஒற்றை முன்னிலையால் இவ்வேறுபாட்டைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. தமிழுக்கு அவ்வசதி இல்லை. விகுதிதோறும் விடைசொல்லியாக வேண்டும். அவ்விடைகளை மரபின் போக்கில் விட்டுவிட்டால், சமமான இருவரின் காதல் தமிழில் சமனற்ற ஒன்றாக வந்து சேரும். எளிய நடையில் அமைந்த காதல் நாவலை மொழிபெயர்ப்பவருக்குக் கவிதையை மொழிபெயர்ப்பவரின் பொறுப்பு இல்லை எனக் கருதுவோர், இந்நாவலின் ஓர் அத்தியாயத்தை முன்னிலை வடிவங்களை மட்டும் கருத்திற்கொண்டு பெயர்த்துப் பார்க்கலாம்.