பெட்டியில் எழுதிய வாட்டும் கையில் சுடும் ஒயரும்

ஜவளகிரியிலிருந்து தளி வழியாக ஓசூருக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்கு முதல் கார் வந்ததும் அடுத்த ஆசை டிக்கியில் ஒரு சப்வூஃபர். ஓசூரில் பிடித்தது கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோடு வரை போகிறார்கள். எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்று ஒரு வாரம் யோசிப்பவர்கள், அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயர் கிட்டைக் கடைசி நிமிடத்தில் கை காட்டி வாங்கிவிடுகிறார்கள். "எட்டு கேஜ் போதும்ணா, எல்லாரும் அதான் போடறாங்க" என்கிறார் கடைக்காரர். (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும்.) கடைக்காரர் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் என் கேள்வி.

முதலில் வாட். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 3000, 4000 எல்லாம் ஒயர்க் கணக்குக்கு உதவாது. ஆர்எம்எஸ் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் எண், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்தான் கணக்கு. அதுவும் இல்லாவிட்டால் ஆம்பின் உடலில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால், அந்த ஆம்ப் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய 60-க்குள். அதன் மேல் 4000 வாட் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

ஓசூர்ப் பக்கம் அதிகம் மாட்டப்படுகிற அளவை எடுத்துக்கொள்வோம்: சப்வூஃபருக்கு 500 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப் ஒன்று. அதன் திறன் 80 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஒயர் 5 மீட்டர். உண்மையான எட்டு கேஜ் செம்பு 8.37 சதுர மில்லிமீட்டர் இருக்கும். அதில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு, சூடாகப் போவது ஏறக்குறைய 20 வாட். குறை சொல்ல முடியாது. இதுவரை கடைக்காரர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் கிட்டில் இருப்பது எட்டு கேஜ்தானா? சிப்காட் தொழிற்பேட்டையில் டூல்ரூம் வேலை பார்க்கிற நண்பர் ஒருவரிடம் என் காரிலிருந்து கழற்றிய ஒயரைக் கொடுத்தேன். ரப்பர் உறையோடு பார்த்தால் விரல் தடிமன் இருந்தது. உறையைச் சீவியதும் உள்ளே இருந்தது அதில் பாதிகூட இல்லை. ஒரு இழையைப் பிரித்து மைக்ரோமீட்டரில் வைத்தார்: 0.2 மில்லிமீட்டர். அந்தத் தடிமனில் எட்டு கேஜுக்கு 266 இழை வேண்டும். எண்ணினால் 160. அதாவது 5 சதுர மில்லிமீட்டர். பிறகு பிளேடால் இழையைச் சுரண்டினார். செம்பு நிறம் தோலாக உரிந்து உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்.

இந்த ஒயரில் அதே 45 ஆம்பியர் போனால் 1.2 வோல்ட் இழப்பு, 54 வாட் சூடு. கதவு ஸ்பீக்கர்களுக்கு இன்னொரு நாலு சேனல் ஆம்பையும் இதிலேயே கோர்த்தால் (பெரும்பாலும் கோர்க்கிறார்கள்) 70 ஆம்பியரை நெருங்கும். அப்போது மீட்டருக்கு 25 வாட், சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு. அது ஓடுவது கார் கார்ப்பெட்டுக்கு அடியில்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாட்டு தொடர்ந்து முழு வேகத்தில் அடிப்பதில்லை. தாளம் விழும் நொடியில்தான் உச்சக் கரண்ட். சராசரி அதைவிட மிகக் குறைவு, சூடும் அந்த அளவுக்குக் குறையும். சத்தத்தைப் பார்த்தாலும் 1.2 வோல்ட் போனால் சாதாரண ஆம்பில் 17 சதவீதம் பவர் குறையும். கேட்க அதிகமாகத் தோன்றினாலும் அது ஒரு டெசிபெல்கூட இல்லை, காது கண்டுபிடிப்பது கடினம். ஆகவே "நல்ல ஒயர் போட்டால் பாஸ் தூக்கும்" என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை. ஒயரை எடைபோட வேண்டியது சூட்டை வைத்து.

பாஸ் விழும்போது ஹெட்லைட் மங்குவது தனி விஷயம், எங்கள் பக்கம் அது வெறும் எரிச்சல் அல்ல. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் ஜவளகிரி வனச்சரகமும் சேர்ந்தது. பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் வரும். இரவில் பாஸ் விழும்போதெல்லாம் விளக்கு மங்குகிற கார் ஜவளகிரி-தளி சாலையில் ஆபத்து. அதற்கு கெப்பாசிட்டர் விற்கிறார்கள். 1 ஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு வோல்ட் இறங்குவதற்குள் தரும் ஆற்றல் 13 ஜூல். 625 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. விளக்கு மங்குவது ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்க முடியாததால். தடித்த ஒயரும் கெப்பாசிட்டரும் அதைச் சரிசெய்யாது. வால்யூமைக் குறைப்பதோ சிறிய ஆம்ப் வாங்குவதோதான் எளிய வழி.

எனக்கு அதிகம் கோபம் வருவது ஃபியூஸ் விஷயத்தில். ஆம்பின் உடலில் இருப்பது வேறு; பேட்டரி அருகே மாட்டும் ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காக்க, ஆம்பைக் காக்க அல்ல. என் கிட்டில் அந்த 5 சதுர மில்லிமீட்டர் ஒயரோடு 100 ஆம்பியர் ஃபியூஸ் வந்தது. ஒயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டு 80 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், ஒயரின் உறை உருகும். அந்த ஒயருக்கு 40-க்கு மேல் நான் போடமாட்டேன். 40 போட்டால் 500 வாட் ஆம்பை முழுசாக ஓட்ட முடியாது. அந்தக் கிட் அந்த ஆம்புக்கானதே அல்ல.

என் தீர்ப்பு: உண்மையான எட்டு கேஜ் செம்பு தாங்கும், ஆனால் அச்சிட்ட அளவை நம்ப முடியாததால் 500 வாட் ஆர்எம்எஸ்-க்கு நாலு கேஜ். முழுச் செம்பு கட்டுப்படி ஆகவில்லையா, உண்மையாகவே 21 சதுர மில்லிமீட்டர் இருக்கிற செம்பு முலாம் அலுமினியம் வாங்குங்கள். அதில் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள்தான், உண்மையான எட்டு கேஜ் செம்பைவிட நல்லது. அலுமினியத்தைக் குற்றவாளி ஆக்க மாட்டேன். குற்றம், அளவைப் பொய்யாக அச்சடித்தது. ஆனால் அலுமினியம் ஸ்குரூவுக்கு அடியில் நசுங்கித் தளரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முறுக்க வேண்டும். இரண்டு ஆம்ப் என்றால் நாலு கேஜ் செம்புதான், அதில் சமரசம் இல்லை. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். எர்த் ஒயரும் அதே தடிமன், பெயின்ட்டைச் சுரண்டிய பாடி இரும்பில்.

எல்லாம் முடிந்ததும் பாட்டைச் சத்தமாக வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். போனட்டுக்குள் எஞ்சின் சூட்டில் எல்லாமே சுடும், அங்கே தொட்டால் ஒன்றும் தெரியாது. டிக்கியைத் திறந்து ஆம்பின் டெர்மினல் அருகே ஒயரைப் பிடித்துப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால், ஃபியூஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போங்கள்.