சிறைச்சுவரில் ஒரு பெயர்

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தின் இறுதியில், பெண்களைக் கொன்ற திலீப் சித்தங்கலங்கிச் சிறையில் சாரதாவின் பெயரையே பற்றிக்கொண்டிருக்கிறான், அவள் காத்திருக்கிறாள். காரைக்காலில் அரசலாற்றங்கரையில் நம் வாலிபருடன் உரையாடியபோது, பலர் இதனை மனந்திரும்புதல் என்றனர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியதுண்டு. இன்று இசைய இயலவில்லை. கமல்ஹாசனின் நடிப்பில் நாம் காண்பது சிதைவு, துக்கமன்று. அவன் நாவில் ஒரே பெயர். கொலையுண்ட பெண்களின் பெயர் ஒன்றேனும் இல்லை. சகேயுவோ தன்னால் வஞ்சிக்கப்பட்டோரை நினைவுகூர்ந்தான். சிறை ஊழியத்திற்குச் செல்லும் மாணவர் இவ்வேறுபாட்டை உற்றுநோக்குவாராக. படமோ தீர்ப்புரைக்கவில்லை, அது நேர்மையே. ஸ்ரீதேவி காட்டும் அந்தக் காத்திருப்பு அன்போ, பேதைமையோ? அதைக் கிருபைக்கு உவமையாகப் பிரசங்கிக்க நாம் துணியோம்.