கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் நூல்

கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை என்கிற பிள்ளைக்குக் கண்ணாடி வாங்குவதா, கண் பயிற்சி கற்பிப்பதா என்று பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். இத்தயக்கத்தை வளர்த்ததில் ஒரு பழைய நூலுக்குப் பெரும் பங்குண்டு. நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் வெளியிட்ட ‘பெர்ஃபெக்ட் சைட் வித்தவுட் கிளாஸஸ்’ என்பதே அது. உள்ளங்கையால் கண்ணை மூடுதல், கண்ணுக்கு வெயில் காட்டுதல் முதலிய பயிற்சிகள் இதன் வழியாகவே பரவின.

பேட்ஸ் கூறுவது இதுதான்: அருகிலும் தொலைவிலும் பார்க்கும்போது விழிலென்ஸ் மாறுவதில்லை, விழிக்கோளத்தைச் சுற்றியுள்ள தசைகளே அதை நீட்டிக் குறுக்கிக் குவியச் செய்கின்றன. மன இறுக்கத்தால் அவை இறுகினால் கிட்டப்பார்வை. தளர்ந்தால் பார்வை சீராகிவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1801-லேயே தாமஸ் யங் (ஒளிக் குறுக்கீட்டுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே யங்) இதைச் சோதித்து முடித்துவிட்டார். நீர் நிரப்பிய சிறு குழலைத் தம் கண்மேல் பொருத்தினார். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கார்னியாவுக்கு ஏறக்குறைய 1.38. வேறுபாடு சிறிதாகையால் கார்னியாவின் குவிக்கும் திறன் பெரும்பாலும் அற்றுப்போகிறது. அதற்கு ஈடாக ஒரு லென்ஸை வைத்தபின், முன்போலவே அருகிலும் தொலைவிலும் அவரால் குவிக்க முடிந்தது. எனவே மாறுவது கார்னியா அன்று. விழியை முன்னும் பின்னும் கவ்விப் பிடித்தும் பார்த்தார் (நீங்கள் முயல வேண்டாம்!), நீளமும் மாறவில்லை. புரை நீக்கத்தில் விழிலென்ஸை இழந்தவர்களுக்கோ இத்திறனே இல்லை. பேட்ஸ் இதற்குத் தக்க விடை தரவில்லை என்பதே என் கருத்து.

பிள்ளைகளின் கிட்டப்பார்வையில் பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டு வளர்ந்துவிடுகிறது. சுமார் 24 மி.மீ. நீளமுள்ள கண் 1 மி.மீ. கூடினாலே ஏறத்தாழ 2.5 டயாப்டர் குறை உண்டாகும். வளர்ந்த நீளம் பயிற்சியால் சுருங்குவதில்லை.

சூரியனை நேரே பார்ப்பதன் தீங்கு தற்காலிகமே என்று பேட்ஸ் எழுதியிருப்பது ஆபத்தானது. விழித்திரை நிலையாகவே வெந்துபோகலாம். கண்ணாடியின் பவரைக் குறைத்துக் கொடுப்பதும் உதவவில்லை. மலேசியாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், குறைவான பவர் அணிந்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை சற்று வேகமாகவே கூடியது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணாடி கொடுத்தால் போதுமா, குறை ஏன் வருகிறது என்று பேட்ஸ் கேட்டது நல்ல கேள்வி. விடையின் ஒரு பகுதி 2015-இல் வெளியான சீனாவின் குவாங்சௌ ஆய்வில் கிடைத்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டுகளில் அவர்களுள் 30.4 சதவீதத்தினருக்கும், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதத்தினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வந்தபின் அது கூடும் வேகத்தைக் குறைக்க, மருத்துவர் தரும் மென்மையான அட்ரோபின் சொட்டுமருந்தும் தனிவகை லென்சுகளும் இப்போது உண்டு. ஆயினும் தெளிவாகப் பார்க்கக் கண்ணாடி வேண்டும்.

பள்ளிச் சுவரில் ஸ்னெல்லன் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டுத் தினமும் படிக்கச் சொன்னார் பேட்ஸ். அது கிட்டப்பார்வையைத் தடுக்காது. ஆனால் 6 மீட்டர் தள்ளி நின்று அதைப் படிக்க முடியாத பிள்ளை யாரென்று ஆசிரியருக்கு அன்றே தெரிந்துவிடும்.