குற்றவாளி இல்லாத தடை

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாளில் தூத்துக்குடியில் காவல்துறை சுட்டது. 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் உள்துறைச் செயலாளர் பிறப்பித்த உத்தரவு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் மே 27 வரை இணையத்தை நிறுத்தச் சொன்னது. கலவரம் நடந்த நகரோடு தடை நிற்கவில்லை. சாகுபுரத்து ரசாயன ஆலைத் தொழிலாளி, ஆறுமுகநேரி உப்பளக்காரர், மகனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காயல்பட்டினத்தில் இருக்கும் தாய் என எல்லோருக்கும் ஒரே தண்டனை.

அரசின் அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதே மே மாதம்தான், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது. கொதித்துக் கிடக்கும் ஊரில் ஒரு பொய்ப் படம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சில மணி நேரம், ஒரு குறிப்பிட்ட பகுதியில் என்றால் இந்தத் தடைக்கு நியாயம் சொல்லலாம்.

ஆனால் வதந்தியோடு அதை மறுக்கும் செய்தியும் நின்றுபோகிறது. வேன் மீது ஏறி நின்று காவலர் குறிபார்த்த காட்சி நாடெங்கும் பரவியது மே 22 அன்றே, அதாவது தடை வருவதற்கு முன்பே. ஓடுகிறவர்களையும் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடை ஒரு நாள் முந்தியிருந்தால் அந்தக் காட்சி அன்றைக்கு யாரைச் சேர்ந்திருக்கும்?

இந்தக் கரைக்கு அடக்குமுறை புதிதல்ல. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை எதிர்த்து எழுந்த திருநெல்வேலியிலும் துப்பாக்கி பேசியது. அதே ஆண்டில் பத்திரிகைகளை ஒடுக்கச் சட்டம் வந்தது. பாரதி எழுதிய ‘இந்தியா’ இதழின் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசன் சிறைக்குப் போனார். கொடுமைதான். ஆயினும் அங்கே ஒரு குற்றச்சாட்டு இருந்தது, ஒரு நீதிமன்றம் இருந்தது, வாதாட ஒருவர் இருந்தார். 1950இல் ‘கிராஸ்ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு தடுத்தபோது, அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்று வென்றார். வெளியிடும் உரிமையைப் போலவே பரப்பும் உரிமையும் இன்றியமையாதது என்றது அந்தத் தீர்ப்பு. மறு ஆண்டே முதல் அரசியல் சட்டத் திருத்தத்தில் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் சேர்ந்தது வேறு கதை. இணையத் தடையிலோ ஆசிரியரும் இல்லை, இதழும் இல்லை. யார்மீதும் குற்றம் சாட்டாமல் எல்லோருடைய வழியையும் அடைக்கிறார்கள். இதன் பெரிய குறை இதுதான் என்பேன்.

மேற்பார்வையும் பெயரளவுக்கே. அன்று நடைமுறையில் இருந்த 2017ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு இடைநிறுத்த விதிகளின்படி, தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு ஐந்து வேலை நாட்களுக்குள் உத்தரவை ஆராய வேண்டியிருந்தது. 2018 மே 23 புதன்கிழமை. தடை முடியவிருந்த 27 ஞாயிறு. இடையில் முழுதாக இரண்டே வேலை நாட்கள். குழு கூடுவதற்குள் தடையே முடிந்துவிடலாம். அப்படி முடிந்தாலும் விதி மீறப்பட்டதாகாது. குழுவில் இருந்தவர்களும் அரசுச் செயலாளர்களே.

அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தடை உத்தரவுகளை வெளியிட வேண்டும், அவை தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்றோரைக் குழுவில் சேர்க்கச் சொல்லி 2021இல் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. 2024இல் வந்த புதிய விதிகளிலும் குழு அதிகாரிகள் கையில்தான் இருக்கிறது. தமிழக அரசு தன்னளவில் ஒன்று செய்யலாம்: தடை விதித்த அன்றே காரணத்தைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டட்டும், எந்த வட்டம் வரை, எத்தனை மணி வரை என்பதையும் சேர்த்து. அப்போதுதான் சாகுபுரத்துக்காரர் எதை எதிர்த்து நீதிமன்றம் போவது என்றாவது அறிவார்.