படிப்போரை உணர்தலும் வகுத்தலும்

நூல் ஒன்றாயினும் அதனைப் படிப்போரின் விருப்பமும் தேவையும் ஒன்றல்ல. இவ்வேற்றுமையைக் கணிப்பொறி அறிந்து அவரவர்க்கு ஏற்ப உதவ இயலுமோ என்னும் வினா, இன்றைய இணையப் பணிகள் பலவற்றிற்கும் அடிப்படையாய் நிற்கின்றது. இதற்குத் தொடக்கத்திலேயே விடை காண முயன்றவருள் எலேன் ரிச் குறிப்பிடத்தக்கவர். 'காக்னிட்டிவ் சயன்ஸ்' ஆய்விதழில் 1979-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, புதினங்களைப் பரிந்துரைக்கும் 'கிரண்டி' என்னும் நிரலைப் பற்றியது. அதன் நிறைகுறைகளைப் பின்வந்த முறைகளோடு ஒப்பவைத்து ஈண்டு ஆராய்வாம்.

கிரண்டி நூலகர் போன்று வினவும். பயனர் தம்மைக் குறித்துச் சில சொற்களைத் தருவர். அச்சொற்கள், முன்னரே அமைக்கப்பெற்ற வகைமாதிரிகளைத் தூண்டும். வகைமாதிரி என்பது பண்புகளின் தொகுதி. பண்பு ஒவ்வொன்றிற்கும் ஓர் அளவும், அவ்வளவு எத்துணை உறுதியுடையது என்னும் மதிப்பும் உண்டு. இவற்றின் சேர்க்கையே பயனரின் உருவரை ஆகும். பரிந்துரைத்த நூலைப் பயனர் விரும்பாவிடின், கிரண்டி அதன் காரணத்தைக் கேட்டறிந்து உருவரையைத் திருத்திக்கொள்ளும்.

மக்களை வகைமாதிரிகளாக்குதல் தகாது என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் ரிச் வகைமாதிரியை முடிந்த முடிபாகக் கொண்டாரல்லர். தொடக்க ஊகமாகவே கொண்டார். நேர்ச்சான்று கிடைத்தவழி ஊகம் விலகும். மேலும், ஒவ்வொரு கருத்தும் எதனால் எழுந்தது என்பதையும் கிரண்டி குறித்து வைக்கும். இதனையே அதன் தலையாய சிறப்பென நாம் கருதுகின்றோம்.

குறையும் இல்லாமலில்லை. கேட்போர், களன், காலம் ஆகிய மூன்றையும் தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் வைத்து எண்ணினார். இவற்றுள் கேட்போரை மட்டுமே கிரண்டி நோக்கியது. புகைவண்டியில் பொழுதுபோக்க நூல் தேடுபவரும், நோயுற்றார் அருகே விழித்திருந்து நூல் தேடுபவரும் ஒருவரேயாயினும், வேண்டும் நூல் வேறன்றோ? ஒன்றன் நிலையை விளக்கப் பயன்படும் செய்தி எதுவாயினும் அது சூழலாம் என்று அனிந்த் டே 2001-இல் வரையறுத்தது, இக்குறையின் பரப்பை உணர்த்தும்.

காலத்தைக் கணக்கிற் கொண்ட முறையும் பின்னர்த் தோன்றிற்று. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்து, 17,770 படங்களுக்கு 4,80,189 பேர் அளித்த 10 கோடிக்கு மேற்பட்ட மதிப்பெண்களை, அவை அளிக்கப்பட்ட நாட்களுடன் வெளியிட்டது. 2009-இல் பரிசு வென்ற குழுவினருள் ஒருவரான யெஹுதா கோரன், சுவை காலந்தோறும் மாறுவதையும் கணக்கீட்டில் அமைத்துக் காட்டினார். இவ்வாறு காலம் உள்ளே வந்தது, காரணம் வெளியேறிற்று. 'இதனை எனக்கு ஏன் தந்தாய்?' என வினவுவார்க்கு, உருவரையாய் நிற்கும் எண் வரிசைகள் விடை கூறா.

உதவிய காலமே ஊறும் செய்தது. பெயர் நீக்கப்பட்ட அத்தொகுதியில், ஒருவர் அளித்த மதிப்பெண்கள் சிலவற்றையும் அவற்றின் நாட்களை ஏறத்தாழவும் அறிந்தால், அவருடைய பதிவை அடையாளங் காணலாகும் என அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாத்திகோவும் 2008-இல் நிறுவினர்.

இவற்றாற் பெறப்படுவது யாது? கணிப்பின் துல்லியம் ஒன்றே உருவரைக்கு அளவுகோல் அன்று. தம் உருவரையைப் பயனரே கண்டு, வினவி, திருத்த இயல வேண்டும் என்பது சிட்னிப் பல்கலைக்கழகத்து ஜூடி கேயின் கொள்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் செயற்படும் தரவுக் காப்பு விதியும், தம்மைப் பற்றிய தரவைப் பெறவும் பிழை திருத்தவும் உரிமை நல்குகின்றது. எனினும், உரிமை சட்டத்தில் இருத்தல் வேறு. காரணம் உருவரையின் அமைப்பிலேயே பதிந்திருத்தல் வேறு. பின்னதனைக் கிரண்டி எளிய அளவிலேனும் செய்து காட்டிற்று. சூழலை அறிந்த பின்வந்தோர் அதனைக் கைவிட்டது வளர்ச்சியாகாது என்பதே நம் துணிபு.